ஆயுத பூஜைக்கு வந்த குட்டைப் பீரங்கி

எங்கள் நைனா வேலை செய்த வார்ப்புப் பட்டறைக்குள் பெண்கள் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் போகலாம். அது ஆயுத பூஜை. மற்ற நாட்களில் தகரக் கதவுக்கு வெளியே நின்று தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கதவு இடுக்கில் தெரியும் புகையும், உள்ளே யாரோ யாரையோ திட்டும் சத்தமும்தான் எனக்குத் தெரிந்த பட்டறை. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் இப்படிப்பட்ட பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. சவுக்குத் தோப்பாக இருந்த இடத்தைச் சில மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு புகைபோக்கி நிற்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் வருஷம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில்லை. நைனா சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பார். அம்மாவுக்கு அதற்கும் தேவை வந்ததில்லை. காலை ரயிலில் என் மடியில் இருக்கும் இங்கிலீஷ் புத்தகத்தை எதிரே இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று அட்டை தெரிகிற மாதிரிதான் பிடித்துக்கொள்வேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது நைனா சாப்பிட்டுக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். பழவேற்காட்டுப் பக்கம் கால்வாய்க் கரையில் மண் வெட்டியபோது அகப்பட்ட பழைய இரும்பெல்லாம் லாரியில் வந்திருக்கிறதாம். நங்கூரச் சங்கிலி, ஆணி, பட்டை, அவற்றோடு ஓர் இரும்பு உரல்.

"உரல்னா சின்ன உரலு இல்ல. ராட்சசன் ஊட்டு உரலு" என்றார்.

இரும்பில் எவள் அரிசி குத்துவாள், அரிசி கறுத்துப் போகாதா என்று அம்மா கேட்டாள். சுண்ணாம்பு இடித்திருப்பார்கள் என்று நைனா சமாதானம் சொன்னார். உரலின் வாயில் ஒரு மரக்கட்டையை அடைத்து வைத்திருந்தார்களாம். அது உளுத்துப் போயிருந்தது. அதைப் பிடுங்கியதும் உள்ளேயிருந்து மட்கிய கயிற்றுச் சுருள் ஒன்று வந்ததாம். எதற்கு உரலுக்குள் கயிறு என்று யாருக்கும் விளங்கவில்லை.

அவர்களுடைய கவலை வேறு. உரல் உலையின் வாய்க்குள் போகவில்லை. உடைத்தால்தான் உருக்க முடியும். சம்மட்டியால் அடித்துப் பார்த்தார்கள். மூன்று கால் நட்டு, கப்பியில் இரும்புக் குண்டைத் தூக்கி மேலேயிருந்து விட்டுப் பார்த்தார்கள். குண்டுதான் எகிறி ஓடியது. கடைசியில் மேஸ்திரி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பூஜை முடிந்து வேலை தொடங்குகிற நாளில் அதைச் சுற்றிக் கரி அடுக்கி, பகல் முழுக்க எரித்து, சிவந்ததும் மேலே பச்சைத் தண்ணீரைக் கொட்டுவது. வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காது, தானாகப் பிளந்துவிடும். நெருப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து கரியைத் தள்ளிக்கொண்டிருக்கப் பொறுமையுள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கள் நைனா.

நான் இதைக் காதில் வாங்கிக்கொண்டேனே தவிர எதுவும் தோன்றவில்லை. உரல் என்றால் உரல். அதில் எனக்கு என்ன.

பூஜையன்று நானும் அம்மாவும் குளித்துவிட்டுப் பொரியும் பழமும் எடுத்துக்கொண்டு போனோம். பட்டறை கழுவி விட்டது போல இருந்தது. உலைக்கு மாலை. மணல் சலிக்கும் சல்லடைக்குப் பொட்டு. இரும்புக் குழம்பு எடுக்கும் அகப்பைகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றுக்கும் மூன்று விரல் சந்தனம். எல்லாவற்றுக்கும் நடுவில், அச்சு மண் குவியலின் மேல், வாயை மேலே தூக்கிச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள் அந்த உரலை. கழுத்தில் கதம்ப மாலை. உடைபடப் போகிற பொருளுக்கும் ஒரு நாள் மரியாதை உண்டு என்று மேஸ்திரி சொல்லியிருந்தாராம்.

நான் நின்றுவிட்டேன். அதை எனக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன்னால் பழவேற்காட்டுக் கோட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அதற்காகக் கல்லூரி நூலகத்தில் பழைய கப்பல்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தேன். கோட்டையைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. ஆனால் ஒரு பக்கம் முழுக்க ஒரு படம் இருந்தது. இரண்டு பீரங்கிகள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று வெட்டிப் போட்ட பனைமரம் மாதிரி நீளம். இன்னொன்று குட்டை, பருமன், அகன்ற வாய். இரண்டும் ஒரே எடையுள்ள குண்டைத்தான் எறியும் என்று படத்தின் கீழே போட்டிருந்தது. நம்ப முடியாமல் அதை மூன்று முறை படித்தேன். அப்புறம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அத்தியாயம் முழுவதையும் படித்தேன். கட்டுரையை மறந்துவிட்டேன்.

குட்டைப் பீரங்கிக்கு கேரனேட் என்று பெயர். பாய்மரக் கப்பல் காலத்தின் கடைசிப் பகுதியில் ஸ்காட்லாந்தில் ஒரு வார்ப்பாலையில் அதை உருவாக்கினார்கள். அதுவரை கப்பல்களில் இருந்தவை நீளப் பீரங்கிகள். ஒன்றை இழுத்து, குண்டு போட்டு, மறுபடி தள்ளிச் சுடுவதற்குள் பத்துப் பேருக்கும் மேல் மூச்சு வாங்கும். சரக்குக் கப்பலில் அவ்வளவு ஆள் ஏது? அவர்களுக்காகத்தான் முதலில் இந்தக் குட்டை வந்தது. அதே குண்டை எறியும் நீளப் பீரங்கியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இது. வெடிமருந்தும் கொஞ்சம் போதும். நாலைந்து பேர் சமாளித்துவிடலாம். சக்கர வண்டிக்குப் பதிலாக ஒரு வழுக்குப் பலகை. சுட்டதும் அதன் மேலேயே பின்னால் சறுக்கி வந்து நிற்கும். கீழே ஒரு வளையம், அதில் ஒரு முளை, அவ்வளவுதான் அதைப் பிடித்திருக்கும்.

கொஞ்சம் மருந்தில் எப்படி அதே வேலை நடக்கும்? இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. நீளப் பீரங்கியில் குண்டுக்கும் குழலுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். மருந்தின் வேகத்தில் ஒரு பங்கு அந்த இடைவெளி வழியாக வீணாகப் போகும். இதில் குழலை அவ்வளவு ஒழுங்காகக் குடைந்திருந்தார்கள், குண்டு அதில் ஒட்டினாற்போல உட்காரும். மருந்து வெடித்தால் தப்பிக்க வழியில்லாமல் முழு பலமும் குண்டின் முதுகில் இறங்கும். அப்படியும் குண்டு மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவுதான் பயங்கரம். கவணில் விட்ட கல் வாழை இலையில் வட்டமாக ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும். கையால் எறிந்த கல் இலையையே கிழித்துவிடும். அது போல வேகமான குண்டு கப்பலின் பலகையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். மெதுவான குண்டு பலகையை நொறுக்கி, ஆள் நீளச் சிம்புகளாக உள்ளே வாரி இறைக்கும். அந்தக் கப்பல்களில் செத்தவர்களில் பலர் குண்டு பட்டுச் சாகவில்லையாம், மரச்சிம்பு குத்திச் செத்தார்களாம்.

அதனால் போர்க்கப்பல்களும் இதை ஏற்றிக்கொண்டன. ஒரே ஒரு குறை. இதன் குண்டு தூரம் போகாது. எதிரியின் முகம் தெரிகிற கிட்டத்துக்குப் போய்த்தான் சுட வேண்டும். கப்பல் முழுக்க இதையே நிரப்பிக்கொண்டு போன தலைவர்கள் இருந்திருக்கிறார்கள். எதிரி எட்டாத தூரத்தில் நின்று நீளப் பீரங்கியால் அடித்தபோது, இவர்கள் கையில் அவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். ஒரு மனிதரின் ஆயுள் அளவு காலம்தான் இதற்கு வாழ்வு. பிறகு வெடிக்கும் குண்டுகள் வந்தன, இரும்புக் கப்பல் வந்தது, குட்டைப் பீரங்கி இல்லாமல் போனது.

அது எங்கள் ஊர்ப் பட்டறையில் கதம்ப மாலை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.

அருகே போனேன். வாய் கிண்ணம் போல அகன்று உள்ளே சரிந்தது. பின்பக்கக் குமிழில் மரை போட்ட ஓட்டை இருந்தது. திருகாணியைச் சுழற்றி வாயை ஏற்றி இறக்குவதற்கு என்று படித்திருந்தேன். ஒன்றுதான் மிச்சம். பட்டுப் பாவாடையோடு மண்டியிட்டு, அடியில் மண்ணைக் கையால் தோண்டினேன். விரல் ஒரு கனத்த வளையத்தில் நுழைந்தது. புத்தகத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. யாரோ எங்கோ எழுதியது என் விரலைச் சுற்றி இரும்பாக இருந்தது.

"இன்னாம்மா, சாமி கும்புடாம மண்ண நோண்டிக்கினு கீற" என்றார் மேஸ்திரி.

இது உரல் இல்லை, கப்பல் பீரங்கி என்று சொன்னேன். படித்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். வேலையாட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் சுற்றி நின்று கேட்டார்கள். நைனா கையில் குங்குமத் தட்டோடு தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி கடைசி வரை கேட்டார். பிறகு, "பீரங்கின்னா கோட்டை மேல நீட்டா இருக்கும். நான் பார்த்துகீறேன். காலேஜுல இதான் சொல்லித் தராங்களா? உரலப் பார்த்தா பீரங்கி. நாளைக்கு அம்மியப் பார்த்தா ஏரோப்ளேன்னுவியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். முதலாளி, மெட்ராஸிலிருந்து வந்திருந்தவர், சிரிக்காமல் பீரங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜை தொடங்கியது. ஒவ்வொரு கருவிக்கும் ஊதுபத்தி காட்டி, வாழைப்பழத்தில் குத்தி வைத்துக்கொண்டே வந்தார் மேஸ்திரி. பீரங்கியிடம் வந்ததும் பழத்தைத் தேடவில்லை. அதன் பின்பகுதியில், முதுகின் மேல், ஊதுபத்திக் குச்சி நுழைகிற அளவில் ஒரு துளை இருந்தது. முதல் நாளே கம்பி விட்டுத் துருவை எடுத்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார். செய்தவன் பத்தி குத்த இடம் விட்டுத்தான் செய்திருக்கிறான் பார் என்று சொல்லிக்கொண்டே, எரியும் பத்திகள் இரண்டை அதில் செருகினார். புகை நேராக எழும்பியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது மருந்துக்கு நெருப்பு வைக்கும் துளை என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லி இன்னொரு முறை சிரிப்பு வாங்க வேண்டாம் என்று சும்மா இருந்தேன்.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தாள். எல்லோரும் உரல் என்கிறார்கள், மகள் மட்டும் இல்லை என்கிறாள். அவள் யாரிடமும் கேட்கவில்லை. முன்னால் போய்க் குனிந்து, வளையலை மேலே ஏற்றிவிட்டு, தோள் வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

"ஏய், இது உரலு இல்லடி" என்றாள். "அடி மேடா கீது."

"மேடாவா?"

"உரலுன்னா அடி குழிஞ்சி இருக்கணும். அப்பதான் நெல்லு நடுவுல சேரும். இது உருண்டையா மேல தூக்கினு கீது. இதுல குத்துனா எல்லாம் ஓரத்துல ஓடிப் பூடும்."

கட்டையையும் கயிற்றையும் எடுத்தபோது உள்ளே கண்டது அதன் அடி என்றுதான் பட்டறையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாயில் அடைத்த மரக்கட்டை. அதற்குப் பின்னால் கயிற்றுச் சுருள். அதற்குப் பின்னால் உருண்டையாக ஒன்று. புத்தகத்தில் வரிசை அப்படியே இருந்தது: முதலில் மருந்துப் பை, பிறகு குண்டு, குண்டு உருளாமல் இருக்கக் கயிற்றுச் சுருள், ஈரம் உள்ளே போகாமல் இருக்க வாயில் கட்டை. சுடுவதற்குத் தயாராக வைத்த பீரங்கி இது. யாரும் சுடவில்லை. அப்படியே மண்ணுக்குள் போய், அப்படியே வெளியே வந்திருக்கிறது.

அதன் துளையில் இரண்டு ஊதுபத்திகள் எரிந்துகொண்டிருந்தன.

பாய்ந்து போய் இரண்டையும் பிடுங்கி மணலில் குத்தினேன். கூட்டம் சத்தமில்லாமல் பின்வாங்கியது. ஆயுத பூஜையில், கற்பூரம் காட்டும் முன்னால், ஒரு பெண் சாமிக்கு வைத்த பத்தியைப் பிடுங்கி மண்ணில் அணைத்தாள். யாரும் பார்த்திராத காரியம் அது.

"பட்டற வெளங்குமா?" என்றார் மேஸ்திரி. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நைனாவைப் பார்த்துக் கேட்டார்.

அச்சில் காற்றுத்துளை குத்துகிற நீளக் கம்பி ஒன்று பொட்டு வைத்துச் சாத்தியிருந்தது. அதை எடுத்துப் பீரங்கிக்குள் முட்டும் வரை விட்டேன். வாயோரத்தில் கம்பியின் மேல் குங்குமத்தால் ஒரு கோடு போட்டேன். வெளியே எடுத்து, கோடு வாயோரத்துக்கு வரும்படி வைத்து, கம்பியைப் பீரங்கியின் முதுகோடு படுக்க வைத்தேன். மருந்து இருக்கும் இடத்தில்தான் அந்தத் துளை இறங்க வேண்டும். உள்ளே காலியாக இருந்தால் கம்பியின் நுனி துளை வரை வர வேண்டும். வரவில்லை. ஒன்றரைச் சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

முதலாளி கிட்டே வந்து பார்த்தார். அவரே ஒரு முறை அளந்தார். "அந்த ஒன்றரைச் சாணில் என்னம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"குண்டும், அதுக்குப் பின்னால மருந்தும் சார்."

மேஸ்திரி அசரவில்லை. "தீபாவளிக்கு வாங்குன வெடி ஒரு ராத்திரி பனியில நனைஞ்சாலே பத்த மாட்டேங்குது. இது எத்தினி காலமா சேத்துல கெடந்துது. இது வெடிக்குமா? சொல்லு காலேஜு, வெடிக்குமா?"

புத்தகத்தில் அது இல்லை. எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு வரி ஞாபகம் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்கும் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "தெரியாது" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னது போல நான் வேறு எந்தச் சொல்லையும் கஷ்டப்பட்டுச் சொன்னதில்லை.

மேஸ்திரி சிரித்தபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அப்போது நைனா குங்குமத் தட்டைக் கீழே வைத்தார்.

"தெரியாதத பக்கத்துல வெச்சிகினு பகல் பூரா நெருப்பாண்ட குந்திகினு இருக்க மாட்டேன் மேஸ்திரி" என்றார். "காலி பண்ணிக் குடு. அப்புறம் எரிக்கிறேன்."

"நீ எரிக்கலன்னா வேற ஆளு எரிப்பான்."

"அவனும் புள்ள குட்டிக்காரன்தான."

முதலாளி கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். பீரங்கியின் வாயில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொன்னார். நாளைக்குக் குண்டைத் தேடுங்கள் என்றார். குண்டு இருந்தால் காலி செய்த பிறகுதான் நெருப்பு. குண்டு இல்லாமல் துருக்கட்டிதான் என்றால், மேஸ்திரி சொல்கிற வேலையை நைனா மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பட்டறைக்கு வர வேண்டாம். பிறகு என்னைப் பார்த்து, நாளைக்கு நீயும் வா என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில், தண்டவாளத்தைத் தாண்டும்போது அம்மா, "இது பொய்யாப் பூட்டா உங்க நைனா அங்க தல நிமிர முடியாது" என்றாள். அது எனக்குத் தெரிந்ததுதான். பொய்யாகப் போகட்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். உள்ளே ஒன்றுமில்லை என்றால் நைனாவுக்கு மானம்தான் போகும். வேறு எதுவும் போகாது.

மறுநாள் விஜயதசமி. புதிதாகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் குழந்தைகளைத் தெருவில் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பட்டறைக் கதவுக்குள் நுழைந்தேன். பூஜை இல்லாத நாளில் உள்ளே போன முதல் பெண் நான்தான் என்று நினைக்கிறேன்.

பீரங்கியைச் சங்கிலிக் கப்பியில் கட்டித் தூக்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டார்கள். நைனா மணலில் மல்லாந்து படுத்து, நீள உளியை உள்ளே நுழைத்து, ஓரத்துத் துருவைச் சுரண்டத் தொடங்கினார். அடிக்கக் கூடாது, பொறி பறக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அதனால் சுரண்டல்தான். இடையிடையே தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு மேல் துருப்பொடிதான் அவர் முகத்தில் விழுந்தது. மேஸ்திரி பீடி பற்ற வைக்கப் போனார். தீக்குச்சியை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, கதவுக்கு வெளியே போய்ப் பற்ற வைத்துக்கொண்டார்.

பிறகு நைனா சட்டென்று தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அவர் காதோரம் மணலில் ஏதோ பொத்தென்று விழுந்தது. உருண்டை. துரு உரிந்த இடத்தில் கருநீலமாக மின்னியது. ஒரு பெரிய விளாம்பழத்தைவிடப் பெரியது. நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது. கடலில் ஒரு கப்பலை நொறுக்குவதற்காக வார்த்த குண்டு, யாரையும் தொடாமல், என் கைக்கு வந்திருந்தது.

நைனா எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி படுத்தார்.

குண்டுக்குப் பின்னால் குழல் குறுகியது. கை மட்டும் போகிற அளவு. அங்கிருந்து மட்கிய கம்பளித் துணி வந்தது. அதற்குப் பின்னால் கறுப்பு. தண்ணீர் பட்ட ஓரங்களில் சேறு மாதிரி, நடுவில் கருப்பட்டி மாதிரி இறுகி, காய்ந்து. மர அகப்பையால் சுரண்டிச் சுரண்டி ஒரு மண்சட்டியில் சேர்த்தார். அரைப்படிக்கு மேல் இருந்தது.

மேஸ்திரி சட்டியைக் குனிந்து பார்த்தார். முகர்ந்தார். "இது கரித்தூளுப்பா" என்றார், ஆனால் நேற்றைய குரலில் இல்லை. நடுவிலிருந்த காய்ந்த கட்டியில் ஒரு சுண்டைக்காய் அளவு கிள்ளி எடுத்து, வெளியே கொண்டுபோய், சுடுகிற தகரத்தில் வெயிலில் பரப்பி வைத்தார். சட்டியை வெகு தூரத்தில் வைக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் உச்சி வெயிலில் அந்தச் சிட்டிகைப் பொடியைச் சுற்றி நின்றோம். ஒரு பட்டறையே வேலையை விட்டுவிட்டு ஒரு விரல்நுனிக் கறுப்பைக் காவல் காத்தது.

அவரே முந்தின நாள் மிச்சமிருந்த ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வந்தார். கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொட்டார்.

புஸ்ஸென்று ஒரு வெளிச்சம். வெயிலிலும் கண் கூசியது. அடுத்த நொடி அங்கே பொடி இல்லை, வெள்ளைப் புகை ஒரு பந்தாக எழும்பி எங்கள் தலைக்கு மேலே போனது. தீபாவளி நாற்றம் அடித்தது. எந்தக் காலத்திலோ எவரோ ஒரு கப்பல்காரன் பையில் கட்டி உள்ளே வைத்த மருந்து. அவன் செத்து, அவன் பிள்ளைகள் செத்து, அவன் கப்பல் மாதிரி ஒரு கப்பலே உலகத்தில் இல்லாமல் போய், இத்தனைக்கும் பிறகு அது தன் வேலையை மறக்கவில்லை. நான் புகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா தூரத்தில் இருந்த மண்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அரைப்படி மிச்சம் இருந்தது.

மேஸ்திரி சட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் குளத்துத் தண்ணீரில் கரைத்துவிட்டு வந்தார். வந்து, ஒரு கோப்பை டீயை வாங்கி நைனாவிடம் கொடுத்தார்.

பீரங்கியை உடைக்காமல் வைக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் யோசித்தார். இரும்பு இல்லாமல் உலை சும்மா கிடக்கிறது, இங்கே வார்க்கிற பம்புகளுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். குண்டை நீ எடுத்துக்கொள் என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவர் காது கொடுத்துக் கேட்டதே பெரிது.

மூன்றாம் நாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை. நைனா கரியெல்லாம் அடுக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். கம்பியை என் கையில் கொடுத்தார். உள்ளே விட்டு, கோடு போட்டு, முதுகின் மேல் வைத்தேன். நுனி துளையின் நடுவில் வந்து நின்றது.

"வெக்கலாமா?" என்று கேட்டார்.

"வெக்கலாம் நைனா."

அவர் தீக்குச்சியைக் கிழித்தார். பகல் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் அது செவ்வரளி நிறத்துக்கு வந்தது. நாலு பேர் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்ட, ஆவிக்குள்ளேயிருந்து பூசணி பிளப்பது போல ஒரு சத்தம் வந்தது. நீளவாக்கில் இரண்டாகக் கிடந்தது.

ஆறிய பிறகு நைனா பக்கத்தில் போய் உட்கார்ந்து உடைந்த பக்கத்தைப் பார்த்தார். கற்கண்டு உடைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் மின்னியது. விரலால் தடவிக்கொண்டே போனார். வார்ப்பில் காற்று சிக்கினால் பொத்தல் விழும். எத்தனை வருஷ வேலைக்காரனுக்கும் அது விழும். அவர் தேடினார், ஒன்று கூட அகப்படவில்லை. பிறகு குழலின் உட்புறத்தைத் தடவினார்.

"உள்ள இவ்ளோ நேரா எப்படிம்மா வந்துது?" என்று என்னிடம் கேட்டார். "நடுவுல மண்ணு வெச்சி ஊத்துனா இப்டி வராது. எங்கியாச்சும் நெளிஞ்சிடும்."

நடுவில் மண் வைக்கவில்லை என்று சொன்னேன். முழுக் கட்டியாகவே வார்த்து, ஆறிய பிறகு, தண்ணீர் வேகத்தில் சுழலும் எந்திரத்தில் பொருத்தி, உள்ளே குடைந்து எடுத்தார்கள் என்று படித்ததைச் சொன்னேன்.

"கட்டியா ஊத்தி, அப்புறம் கொடஞ்சானுங்களா?" அவர் கை அந்த வளைவின் மேலேயே நின்றது. "மேஸ்திரி, இங்க வந்து தொட்டுப் பாரு."

மேஸ்திரி வந்தார். குத்தவைத்து உட்கார்ந்து, பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, இரண்டு விரலால் மெதுவாகத் தடவினார். வாயிலிருந்து அந்தக் குறுகலான இடம் வரை போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள்.

"அந்த புக்கு தமிழ்ல கீதா?" என்று மேஸ்திரி என்னைக் கேட்டார்.

இல்லை, இங்கிலீஷில்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நைனாவும் உட்கார்ந்தார். தண்ணீர் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு மற்றவர்கள் அதன் மேல் உட்கார்ந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த வார்ப்பாலையிலிருந்து தொடங்கினேன். நான் கப்பல் வரை வருவதற்குள் வெளியே சாயங்கால ரயில் கூவிக்கொண்டு போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.